குவைத்தில் எல்லாவற்றையும் அடைத்த பிறகும் வீட்டுக்குள் தூசி வருகிறது

சால்மியாவுக்குப் புதியவள்:
வணக்கம். இங்கு வந்து மூன்று வாரங்கள்தான் ஆகின்றன. நேற்று மதியம் வானமே செம்மஞ்சளாக மாறி வீசிய காற்றில், எல்லா ஜன்னல்களையும் அடைத்திருந்தும், அடுப்பு மேடையில் விரலால் பெயர் எழுதும் அளவுக்குப் புழுதி படிந்துவிட்டது. நான்கு வயது மகன் இரவு முழுவதும் இருமினான். என்ன செய்வதென்று உடனே சொல்லுங்கள்.

ஃபாஹாஹீல்காரர்:
அம்மா, இதற்கே பயந்தால் எப்படி? ஜூன், ஜூலையில் வடமேற்கிலிருந்து ஷமால் என்னும் புழுதிக்காற்று வீசும்போது பாருங்கள். 1994இல் அப்பாசியாவில் ஒரே அறையில் ஏழு பேர் இருந்தோம். ஊரிலிருந்து கொண்டுவந்த இரண்டு லுங்கிகளில் ஒன்றைக் கிழித்து, ஜன்னல் ஏசியைச் சுற்றியிருந்த சந்துகளில் திணித்துவிட்டுத்தான் படுப்பேன். அப்படியும் காலையில் தலையணையில் தலை இருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருக்கும்.

மங்காஃப் வாசி:
காற்றுச் சுத்திகரிப்பான் வாங்குங்கள். ஹெப்பா வடிகட்டி 0.3 மைக்ரான் துகள்களிலும் 99.97 விழுக்காட்டைப் பிடித்துவிடும். ஜன்னலை ஆண்டு முழுவதும் திறக்கவே கூடாது.

ஃபாஹாஹீல்காரர்:
திறக்காமலே இருந்தால் தாளிக்கும் புகை எங்கே போகும் தம்பி? காற்று அடங்கிய காலையில் அரை மணி நேரமாவது திறக்க வேண்டும்.

ஃபர்வானியா வாடகைதாரர்:
கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் காவலாளியான ஹாரிஸிடம் ஜன்னலைச் சரிசெய்யச் சொல்லி நான்கு மாதங்கள் ஆகின்றன. கேட்கும்போதெல்லாம் "புக்ரா", அதாவது நாளைக்கு, என்கிறார். வாடகை வாங்கும் நாள் மட்டும் அவருக்கு நாளைக்குத் தள்ளிப்போவதே இல்லை.

மங்காஃப் வாசி:
2022 மே மாதத்தில் விமானங்களையே நிறுத்திவைத்த புழுதி, நம் ஜன்னலுக்கா நிற்கும்!

ஏசி வேலை பார்ப்பவன்:
சகோதரி, மகனுக்கு மூச்சு இளைத்தாலோ விலா உள்வாங்கினாலோ இதைப் படித்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். வீட்டில் என்ன ஏசி, குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறதா என்பதை நீங்கள் சொல்லவில்லை. எக்ஸாஸ்ட் எவ்வளவு காற்றை வெளியே தள்ளுகிறதோ அவ்வளவும் ஏதாவதொரு சந்து வழியாகப் புழுதியோடு உள்ளே வரும்; சந்துகளை அடைக்காமல் சுத்திகரிப்பானை மட்டும் ஓட்டுவது ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பதுதான். ஓர் ஊதுபத்தியை ஏற்றி ஜன்னல் சட்டத்தை ஒட்டி மெல்ல நகர்த்துங்கள், புகை எங்கே அறைக்குள் சாய்கிறதோ அங்கேதான் கசிவு. துடைப்பத்தைத் தொடவே வேண்டாம், அது படிந்ததைக் கிளப்பி மகன் மூக்கில்தான் சேர்க்கும். புழுதி படியும் வரை பொறுத்து, ஈரத் துணியால் மேலிருந்து கீழாகத் துடையுங்கள். ஏசி வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள்.

சால்மியாவுக்குப் புதியவள்:
மகனுக்கு இளைப்பு இல்லை அண்ணா, இருமலும் குறைந்திருக்கிறது. ஸ்ப்ளிட் ஏசிதான். வாடைக்காகக் குளியலறை எக்ஸாஸ்டை இரவும் பகலும் ஓட விட்டிருந்தேன். படுக்கையறை ஜன்னலின் கீழ்மூலையில் புகை உள்ளே சாய்ந்தது. எக்ஸாஸ்டை நிறுத்தியதும் ஏறக்குறைய நேராக எழுந்தது. அந்த இடத்தில் சட்டத்தை ஒட்டியிருக்கும் மயிர்ப்பட்டை தேய்ந்து மொட்டையாகிவிட்டது. அதை எங்கே வாங்குவது?

ஏசி வேலை பார்ப்பவன்:
ஷுவைக்கில் அலுமினிய ஜன்னல் சாமான் விற்கும் கடைகளில் கேளுங்கள். பழைய பட்டையில் ஒரு விரல் நீளம் வெட்டிக் கையோடு கொண்டு செல்லுங்கள்; அடிப்பட்டையின் அகலமும் மயிரின் உயரமும் ஒத்துவராவிட்டால் ஜன்னல் நகராது. அதுவரை அந்த மூலையில் மாஸ்கிங் டேப் ஒட்டிவைத்தால் போதும்.