கொச்சியும் வைப்பின் தீவும்: அம்மாவோடு இரண்டு நாள், வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. பனங்காட்டிலும் வயல் வரப்பிலுமே காலம் போய்விட்டது. இதுவரை கடலில் கால் நனைத்ததில்லை. அடுத்த மாதம் ஒரு சனி, ஞாயிறு கொச்சிக்கு அழைத்துப் போகிறேன். பாலக்காட்டில் ரயில் ஏறி எறணாகுளத்தில் இறங்குவோம்.

ஃபோர்ட் கொச்சிக் கரையில் சீன வலைகளை (பெரிய மீன்பிடி வலைகள்) இறக்கி ஏற்றுவதை அம்மா பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், அதுதான் என் பெரிய ஆசை. வாஸ்கோ ட காமாவை 1524இல் முதலில் புதைத்த பிரான்சிஸ் தேவாலயமும் அருகிலேயே இருக்கிறது. மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய யூத ஆலயம் சனிக்கிழமை மூடியிருக்கும் என்பதால் அதை ஞாயிறுக்கு வைத்திருக்கிறேன்.

என் கவலை வைப்பின்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி. ஃபோர்ட் கொச்சியிலிருந்து வாகனங்களை ஏற்றிச் செல்லும் படகில் ஏறுவது எளிதா, வாட்டர் மெட்ரோ என்னும் பயணிகள் படகுச் சேவையில் போவது நல்லதா? வைப்பின் தீவிலுள்ள செறாயி கடற்கரையில் மணலில் அதிகம் நடக்காமல் அலையைத் தொட முடியுமா? இரவு தங்குவது தீவிலா, ஃபோர்ட் கொச்சிப் பக்கமா? அம்மா சைவம், எளிய சாப்பாட்டுக் கடை தெரிந்தாலும் சொல்லுங்கள். வயதானவர்களோடு போய் வந்தவர்கள் தயவுசெய்து விரிவாக எழுதுங்கள்.