ஒரே சுண்ணாம்புக்கல்லுக்கு நான்கு பெயர்: எதை எழுதுவது?

வெலிமடைவாசி:
அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து ஒர்டோவிசியன் காலச் சுண்ணாம்புக்கல் பற்றி உயர்தர மாணவர்களுக்குத் தமிழில் குறிப்பு எழுதுகிறேன். பழைய அறிக்கைகளில் ‘ட்ரென்டன்’, ‘சிந்தியானா’ என்றிருக்கும் கல், 1960கள் முதலான புவியியல் வரைபடங்களில் ‘லெக்சிங்டன் சுண்ணாம்புக்கல்’. புதிய கட்டுரைகளோ ‘கேட்டியன்’ என்கின்றன. எது சரி? மாத்தளை, திகனப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லுக்கும் இப்படிப் பெயர் வைக்கலாமா?

கற்படுகை:
லெக்சிங்டன் என்பது கல்லின் பெயர், கேட்டியன் என்பது அது படிந்த காலத்தின் பெயர். இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். ட்ரென்டன் 1838இல் நியூயோர்க்கின் ட்ரென்டன் அருவியருகே உள்ள கல்லுக்கு வைத்த பெயர். அதே சிப்பிகள் கென்டக்கியிலும் கிடைத்ததால் அங்கும் அதையே ஒட்டிவிட்டார்கள். சிப்பிகளோ தமக்கு ஒத்த கடலடி எங்கே, எப்போது இருந்ததோ அங்கே வாழ்ந்தவை. ஆகவே ஒரே சிப்பிக் கூட்டம் ஒரே காலத்துக்குச் சாட்சியாகாது. கல்லையும் காலத்தையும் தனித்தனியே வகுக்கும் முறையை 1961இன் அமெரிக்கப் படையியல் (கற்படைகளை வகுத்துப் பெயரிடும்) விதிகள் உறுதிசெய்தன. 1960 முதல் 1978 வரை மாநிலம் முழுவதையும் 1:24,000 அளவில் வரைபடமாக்கியவர்களுக்கு, சாலைவெட்டில் கண்ணால் காணக்கூடிய எல்லைதான் தேவைப்பட்டது.

பழைய விவரணையில் பெயரை மட்டும் மாற்றிவிடாதீர்கள். தடிப்பு, மணிப்பருமன், களிமண் இடைப்படை ஆகியவற்றைப் படை படையாக எடுத்து, எரிமலைச் சாம்பற்படையிலிருந்து அளந்துகொண்டு போங்கள். கிணறு துளைப்போர் ‘பென்சில் கேவ்’, ‘மட் கேவ்’ என்பவை இன்றைய டைக்கே, மில்பிரிக் சாம்பற்படைகள். லெக்சிங்டனுக்குக் கீழுள்ள டைரோன் சுண்ணாம்புக்கல்லின் மேற்பகுதியில் இருக்கின்றன, வயது ஏறத்தாழ 45 கோடி ஆண்டு. சாம்பல் களிமண்ணாக மாறியதால் வெட்டுமுகத்தில் அந்த இடம் உள்வாங்கித் தெரியும். மேலுள்ள மில்பிரிக் சில இடங்களில் லெக்சிங்டன் படியுமுன்பே அரிபட்டுப்போனது. ஒன்று மட்டும் தென்பட்டால் அதன் படிகங்களின் இரசாயனத்தைப் பார்க்காமல் பெயர் சொல்லக்கூடாது.

ஹக்கலைச்சாரல்:
நம் மலைநாட்டுக்கு இந்த முறை பொருந்தாது. மாத்தளை, திகனக் கல் உருமாறிய பளிங்குக்கல். அது சேர்ந்த ஹைலண்ட் தொகுதி (ஹைலண்ட் கொம்ப்ளெக்ஸ்) 61 முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கடும் வெப்ப அழுத்தத்துக்குள்ளானது. ஒர்டோவிசியன் தொடங்கியதே ஏறத்தாழ 48.5 கோடி ஆண்டுக்கு முன்புதான். உயிர்ச்சுவடு இல்லை. மடிப்புகளில் படைகள் தலைகீழாகவும் கிடக்கும், எனவே ‘கீழது மூத்தது’ என்று எண்ணிவிட முடியாது. இப்படிப்பட்ட கற்களுக்கென்றே 1983இன் வட அமெரிக்க விதிகளில் ‘லித்தோடீம்’ என்ற தனி வகுப்பு உண்டு. அதன் பெரிய அலகுகளில் ஒன்றே ‘கொம்ப்ளெக்ஸ்’. முன்பு ‘ஹைலண்ட் சீரீஸ்’ என்றதை 1991இல் குரோனர், கூரே, விதானகே ஆகியோர் ஹைலண்ட் கொம்ப்ளெக்ஸ் என்று வகுத்தது இதனால் எனக்கு மிகச் சரியாகப் படுகிறது. சீரீஸ் என்பது கால அலகு.

களத்தில் செய்ய வேண்டியது: மேற்பட்டையை உடைத்துப் புதிய முகம் எடுத்து, 10% ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு துளி விடுங்கள். சுண்ணாம்புக் கனிமமான கல்சைட் உடனே பொங்கும். தேயிலை மலைகளுக்குப் போடும் டொலமைட் கல்லைக் கத்தியால் பொடியாக்கினால்தான் பொங்கும். வெடிப்புகளில் பின்னால் படிந்த கல்சைட் பலரை ஏமாற்றும், அதனால் துளியை அந்த இடத்தில் விடாதீர்கள். ஃபோர்ஸ்டரைட், ஃப்ளோகோபைட், காரீயம் (கிராஃபைட்) ஆகிய கனிமங்கள் தெரிந்தால் அவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வெலிமடைவாசி:
நன்றி சேர். ‘சிந்தியானா’ என்றிருக்கும் இடத்தில் எதைப் போடுவது?

கற்படுகை:
ஒன்றுக்கு ஒன்று மாற்ற முடியாது. அது லெக்சிங்டனின் மேற்பகுதிக்கும் கிளேஸ் ஃபெரி படைக்கும் பிரிந்து போயிருக்கிறது. களிப்பாறை கூடிய பகுதி பெரும்பாலும் கிளேஸ் ஃபெரி. இரண்டும் பக்கவாட்டில் ஒன்றுக்குள் ஒன்று நுழைவதால், ஒவ்வொரு வெட்டையும் அந்தந்த இடத்துப் படத்தோடு ஒப்பிட்டுத்தான் எழுத வேண்டும்.