ரவி மாமாவின் பார்சல்

('பாட்டி வீடு' குழு, ஞாயிறு இரவு)

ரவி மாமா: நிலாவுக்கு தசை வலுவுக்கான கிரியேட்டின் பவுடர் கால் கிலோ அனுப்பியிருக்கிறேன். நாளைக்கு வந்துவிடும். டேக்வாண்டோ போட்டிக்கு மூன்று வாரம்தானே இருக்கிறது

அம்மா: எதற்கு அண்ணா வீண் செலவு

பாட்டி: பாலில் கலக்கணுமா, தண்ணியிலா?

தீபா அக்கா: எதிலும் வேண்டாம் பாட்டி. நிலா, இன்றைக்கு எடை எவ்வளவு?

நிலா: 48.4

தீபா அக்கா: பார்த்தீர்களா மாமா, அவள் 49 கிலோவுக்குக் கீழ் பிரிவு. கிரியேட்டின் தசைக்குள் தண்ணீரை இழுத்து வைக்கும். முதல் வாரத்திலேயே ஒரு கிலோ ஏறலாம். எடை பார்க்கும்போது 49 தாண்டினால் போட்டி விரிப்பில் கால் வைக்கவே விடமாட்டார்கள்

ரவி மாமா: அப்போ அது சும்மாவா? என் ஜிம்மில் எல்லாரும் எடுக்கிறார்களே

தீபா அக்கா: சும்மா இல்லை. படபடவென்று நாலு உதை விடும் அந்தச் சில நொடிக்கு அதுதான் எரிபொருள். பெரியவர்கள் தினம் 3 முதல் 5 கிராம் எடுப்பார்கள். 15 வயதுக்கு மருத்துவர்கள் பரிந்துரைப்பதில்லை. அப்புறம் இந்த டப்பாக்களில் லேபிளில் போடாத தடை மருந்து கலந்திருந்து, நாடா (தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமை) சோதனையில் மாட்டினால் "மாமா வாங்கித் தந்தார்" என்று தப்பிக்க முடியாது 😄

செல்வம் சித்தப்பா: சமையல் சோடா குடித்துவிட்டு இறங்குவார்களாமே, நிஜமா?

தீபா அக்கா: நிஜம்தான். தசையில் சேரும் அமிலத்தைச் சமாளிக்க உதவும். ஆனால் உடல் எடையில் கிலோவுக்கு 0.3 கிராம். நிலாவுக்கு மூன்று தேக்கரண்டி ஆகிவிடும். வயிற்றைக் கலக்கும். வெள்ளை டோபோக் சீருடை போட்டுக்கொண்டு அந்த விஷப்பரீட்சை எதற்கு சித்தப்பா

செல்வம் சித்தப்பா: 🙈🙈

நிலா: அக்கா, முதல் இரண்டு ரவுண்டு நன்றாக இருக்கிறது. மூன்றாவதில் கால் எழும்பவே மாட்டேன் என்கிறது. நேற்று உதைத்துப் பழகும் பேடில் அடித்தால் சத்தமே இல்லை. மாஸ்டர் "என்ன, தூசி தட்டுகிறாயா" என்றார்

தீபா அக்கா: ராத்திரி என்ன சாப்பிட்டாய்?

தீபா அக்கா: நிலா?

நிலா: எடை ஏறிவிடும் என்று ஒரு வாரமாக ராத்திரி சாப்பிடவில்லை

அம்மா: தட்டைக் கழுவி வைத்திருந்தாயே!! சாப்பிட்டாய் என்றல்லவா நினைத்தேன்

தீபா அக்கா: திட்டாதீர்கள் சித்தி. ராத்திரியும் பட்டினி, காலை ஐந்தரைப் பயிற்சிக்கும் வெறும் வயிறு. கால் எப்படி எழும்பும்? சோறு சாப்பிடு, குறைவாகவாவது. பயிற்சி முடிந்ததும் இரண்டு முட்டை, ஒரு வாழைப்பழம். இரண்டு நிமிடம் பேடில் முழு வேகம், ஒரு நிமிடம் ஓய்வு, இப்படி மூன்று தடவை. வாரத்தில் இரண்டு நாள் செய். மூன்றாவது ரவுண்டுக்கான மூச்சு அதில்தான் வரும். போட்டிக்கு ஒரு வாரம் முன்னால் குறைத்துக்கொள்

ரவி மாமா: சரி, டப்பாவை என்ன செய்வது? திருப்பி எடுக்கமாட்டார்களாம்

அம்மா: உங்களுக்கே அனுப்பிவிடுகிறேன் அண்ணா

பாட்டி: நிலா, காலையில் போவதற்கு முன் இரண்டு இட்லி

நிலா: ஐந்து மணிக்கா பாட்டி?

பாட்டி: நாலரைக்கே எழுந்து உட்கார்ந்திருக்கிறேன், எனக்கென்ன