பொருந்தும் மின்னேற்றி, ஒவ்வும் மின்னேற்றி: கலைச்சொல் பரிந்துரை

வணக்கம். சார்ஜர் பற்றிய கையேட்டைத் தமிழாக்கும்போது, 'கம்பாட்டிபிள்' (கருவிக்கு ஒத்துவரும்) என்பதற்கு என்ன சொல் போடுவது என்ற பேச்சில் வந்த கருத்து இது:

> 'கம்பாட்டிபிள் சார்ஜர்' என்பதற்குப் 'பொருத்தமான மின்னேற்றி' என்றே போட்டுவிடலாம். எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும் என்பதுதான் என் கவலை. நாம் தமிழாக்கும் இந்தக் கையேடு, பழைய சார்ஜர் போய்விட்டது, வேறு ஒன்று வாங்க வேண்டும் என்று கடைக்குக் கிளம்புகிறவருக்கானது. அவர் முதலில் பார்ப்பது முனையைத்தான். முனை உள்ளே போனால் 'பொருந்திவிட்டது' என்போம். மின்சாரம் ஒத்துவருவதற்கும் அதே சொல் என்றால், 'முனை நுழைந்தால் போதாது' என்று நாம் எச்சரிக்க வந்ததே அடிபட்டுப் போகிறது.

வீட்டில் இருக்கும் வைஃபை ரவுட்டரின் அடாப்டரை எடுத்துப் பாருங்கள். வெளிவிட்டம் 5.5 மில்லிமீட்டர், உள்ளே 2.1 மில்லிமீட்டர் துளை உள்ள உருளை முனை. இதே முனையில் 5 வோல்ட், 9 வோல்ட், 12 வோல்ட் எல்லாமே வருகின்றன. 5 வோல்ட் கருவியில் 12 வோல்ட் அடாப்டரைச் செருகினால் கச்சிதமாகப் பொருந்தும். கருவி புகைந்துபோகவும் வாய்ப்புண்டு. கித்தார் பெடல்களில் இன்னொரு வம்பு: முனையும் வோல்ட்டும் ஒன்றாகவே இருக்கும், ஆனால் நடு ஊசி பெரும்பாலும் எதிர்மின்முனை (நெகட்டிவ்), மற்ற அடாப்டர்களில் பெரும்பாலும் நேர்மின்முனை (பாசிட்டிவ்). ஆகவே பொருந்துவது ஒன்று, ஒத்துவருவது வேறொன்று. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும்.

ஃபோன்களில் ஒரு காலத்தில் இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை. நோக்கியாவின் மெல்லிய 2 மில்லிமீட்டர் ஊசி மற்றக் கம்பெனி ஃபோன்களில் பெரும்பாலும் நுழையாது. முனையே காவல் காத்தது. இப்போது எல்லாம் டைப்-சி. 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சந்தைக்கு வரும் புதிய ஃபோன்களுக்கு அது சட்டப்படி கட்டாயமும் ஆகிவிட்டது. அதனால் எந்த சார்ஜரும் எந்த ஃபோனிலும் நுழையும். சென்னையில் மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கேட்டால் 'எல்லாம் டைப்-சி தான் சார், செட் ஆகும்' என்ற பதில்தான் வரும். ஃபோன் பாழாகாது என்ற அளவில் அது பெரும்பாலும் உண்மையே. சார்ஜர் முதலில் 5 வோல்ட்தான் தரும். தன்னால் வேறு என்னென்ன தர முடியும் என்று பட்டியல் சொல்லும். ஃபோன் அதில் ஒன்றைக் கேட்கும். உடன்பாடு ஏற்பட்ட பிறகே 9 வோல்ட்டோ 15 வோல்ட்டோ வரும். ஒருவர் பேசும் முறை மற்றவருக்குத் தெரியாவிட்டால் 5 வோல்ட்டிலேயே நின்றுவிடும். ஓப்போவின் வேகமாக ஏற்றும் 'வூக்' முறை தொடக்கத்தில் 5 வோல்ட்டை ஒட்டியே வைத்துக்கொண்டு 4 ஆம்பியர் வரை அனுப்பியது. அந்த ஃபோனுக்கு வேறு நல்ல சார்ஜரைப் போட்டாலும் மெதுவாகத்தான் ஏறும். சாம்சங்கின் 25 வாட் ஃபோனுக்குப் பி.பி.எஸ். (மின்னழுத்தத்தைச் சிறு சிறு படிகளாக மாற்றித் தரும் வசதி) இல்லாத 65 வாட் லேப்டாப் சார்ஜரை மாட்டினாலும் முழு வேகம் கிடைக்காது. வாட் கூடுதலாக இருந்தும் ஒத்துவரவில்லை!

இந்த 'ஒத்துவரவில்லை' என்பதற்குத்தான் நமக்குக் கலைச்சொல் வேண்டும். 'ஒத்திசைவு' என்றால் கணினிக்காரர்கள் ஏற்கெனவே 'சிங்க்' (இரு கருவிகளில் உள்ள தகவலை ஒன்றுபோல வைப்பது) என்பதற்கு எடுத்துக்கொண்டார்கள். 'இணக்கமான' பரவாயில்லை, ஆனால் 'இணங்கும்', 'இணங்காது' என்று வினையாக எழுதினால் ஏதோ சம்மதம் கேட்பது போலத் தொனிக்கிறது. என் பரிந்துரை ஒவ்வு. ஒவ்வும் மின்னேற்றி, ஒவ்வா மின்னேற்றி, ஒவ்வுமை (கம்பாட்டிபிலிட்டி).

> 'ஒவ்வும்' என்று யார் பேசுகிறார்கள்? ஜாதகப் பொருத்தம் என்கிறோமே, பொருத்தம் என்றால் உள்ளே ஒத்துப்போவதையும் குறிக்காதா?

ஜாதகத்தில் குறிக்கும், ஐயா. அங்கே நுழைக்க முனை எதுவும் இல்லை, குழப்பமும் இல்லை. இங்கே முனை கையிலேயே இருக்கிறது. 'ஒவ்வும்' பேச்சில் அரிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'ஒவ்வாது', 'ஒவ்வாமை' எல்லார் வாயிலும் இருக்கிறது. கத்தரிக்காய் ஒவ்வாது என்று சொல்லும் அம்மாவுக்கு 'இந்த மின்னேற்றி உங்கள் ஃபோனுக்கு ஒவ்வாது' என்பதை விளக்க வேண்டியதில்லை. எதிர்மறை இவ்வளவு உயிரோடு இருக்கும்போது உடன்பாட்டு வடிவம் தானாகப் பழகிவிடும்.

அப்புறம் 'ரீப்ளேஸ்மென்ட் சார்ஜர்', அதாவது பழையதற்குப் பதிலாக வாங்குவது. 'மாற்று மின்னேற்றி' எனக்குச் சரியாகப் படவில்லை. மின்னியலில் மாற்று மின்னோட்டம், மின்மாற்றி என்று 'மாற்று' ஏற்கெனவே நெரிசலில் இருக்கிறது. 'பதிலி மின்னேற்றி' என்று வைப்போம்.

சுவரில் செருகுவதை 'மின்னேற்றி' என்பதே தவறு, ஏற்றும் சுற்று ஃபோனுக்குள் இருக்கிறது என்ற வாதம் தொழில்நுட்பப்படி சரி. ஆனால் அந்தச் சொல் நிலைத்துவிட்டது. அதைக் கிளற வேண்டாம்.

ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருப்பேன்: சார்ஜரின் மேல் அச்சடித்திருப்பதைத் தமிழாக்கக் கூடாது. பி.டி. (சார்ஜரும் ஃபோனும் பேசி வோல்ட்டை முடிவு செய்யும் முறை), பி.பி.எஸ். போன்றவற்றைப் படிப்பவர் பெட்டியில் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். பி.பி.எஸ்.ஸை 'நிரல்படு மின்வழங்கி' என்று எழுதினால் அவர் கடையில் எதைத் தேடுவார்? அது என்ன செய்கிறது என்பதை ஒரு வரியில் சொன்னால் போதும்: 20 மில்லிவோல்ட் படிகளாக மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும்.

இந்தச் சொற்களை வைத்துக் கையேட்டின் அந்தப் பத்தியை இப்படி எழுதிப் பார்த்தேன்:

> பதிலி மின்னேற்றி வாங்கும்போது முனை பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். மின்னேற்றி ஃபோனுக்கு ஒவ்வுமா என்றும் பாருங்கள். பழைய மின்னேற்றியின் அடியில் 'அவுட்புட்' என்ற வரி இருக்கும். அதில் உள்ள வோல்ட் எண்கள் புதியதிலும் இருக்க வேண்டும். ஆம்பியர் எண் கூடுதலாக இருந்தால் கெடுதல் இல்லை. ஃபோன் தனக்கு வேண்டியதை மட்டுமே இழுத்துக்கொள்ளும். குறைவாக இருந்தால் மெதுவாக ஏறும். பழையதில் பி.பி.எஸ். என்று இருந்தால் புதியதிலும் அது இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவில் வாங்குகிறவர்கள் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) குறியையும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணையும் தேடுங்கள்.

கேபிள் பற்றிய பத்தி இன்னும் பாக்கி. டைப்-சி கேபிளில் 3 ஆம்பியருக்கு மேல் போக வேண்டுமானால் அதன் முனைக்குள், 'நான் 5 ஆம்பியர் தாங்குவேன்' என்று சொல்லும் சிறு சில்லு இருக்க வேண்டும். சாம்சங்கின் 45 வாட் வேகத்துக்கு இந்தக் கேபிள் இல்லாமல் ஆகாது. அந்தச் சில்லுக்கு 'அடையாளச் சில்லு' என்று தற்காலிகமாக எழுதியிருக்கிறேன். இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். 'ஒவ்வு' பற்றிய மறுப்புகளையும் சேர்த்தே அனுப்புங்கள்.