“யெஸ் சார்” என்று சொன்னதால் வந்த வினை: அலுவலக ஆங்கிலப் பேச்சை எப்படிப் பழகுவது?

கோட்டாறுக்காரன் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நாகர்கோவிலை அடுத்த ஒரு தென்னை நார்க்கழிவு ஏற்றுமதி நிறுவனத்தின் ஆவணப் பிரிவில் ஆறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவன். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஃபைட்டோ (தாவர நலச்) சான்றிதழ், பில் ஆஃப் லேடிங் (கப்பல் சரக்கு ரசீது) என்று தாளில் இருப்பதையெல்லாம் தடுமாறாமல் செய்துவிடுவேன். மின்னஞ்சலும் ஓரளவு எழுதுவேன். தொலைபேசி மணி அடித்தால்தான் வயிறு கலங்கும்.

சென்ற மாதம் நெதர்லாந்து வாடிக்கையாளர் ஒருவர் அழைத்து, “யூ ஹாவன்ட் ரிசீவ்ட் த ரிவைஸ்ட் ஆர்டர்?” என்று கேட்டார். திருத்திய ஆர்டர் எனக்கு வரவில்லை. அவர் அனுப்பிய மின்னஞ்சல் நாங்கள் பயன்படுத்தாத பழைய முகவரிக்குப் போயிருந்தது. நான் “யெஸ் சார், யெஸ்” என்றேன். “ஆமாம், வரவில்லை” என்பதுதான் என் மனத்தில் இருந்தது. அவரோ எனக்கு வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லி வைத்துவிட்டார். அந்தத் திருத்தத்தில் 5 கிலோ கட்டிகளுக்குப் பதிலாக 650 கிராம் கட்டிகளைக் கேட்டிருந்தார் என்பது நான்கு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் எண்ணூறு பெரிய கட்டிகள் அழுத்தி அடுக்கப்பட்டுவிட்டன. அவற்றை வேறொரு ஆர்டருக்குத் திருப்பிவிட்டதால் பண இழப்பு பெரிதாக இல்லை. ஆனால் முதலாளி, “இனி வெளிநாட்டு ஃபோனை நீ எடுக்க வேண்டாம்” என்று சொல்லிவிட்டார்.

தவறு என்னுடையது என்பதில் எனக்கு ஐயமில்லை. சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு, உரையாடல் என்று எல்லாவற்றிலும் பின்தங்கியிருக்கும் ஒருவன் எதிலிருந்து தொடங்க வேண்டும்? வெளிநாட்டு உச்சரிப்பே கற்றுத் தருவதாகச் சொல்லும் மூன்று மாத வகுப்பு ஒன்றில் சேரலாமா என்றும் யோசிக்கிறேன். ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்க முடியும்.

மார்த்தாண்டம் ஆசிரியை:

தம்பிக்கு வணக்கம். கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். நீங்கள் சொன்ன தவறு அறியாமையால் வந்ததன்று. தமிழ் சரியாகத் தெரிந்ததால் வந்தது. “வரவில்லையா?” என்று கேட்டால், கேட்டவரின் கூற்று சரியா என்பதற்கு நாம் விடை சொல்கிறோம், ஆகவே “ஆமாம்” என்கிறோம். ஆங்கிலத்தில் கேள்வியின் அமைப்பு எப்படி இருந்தாலும் கவலையில்லை. வந்திருந்தால் “யெஸ்”, வராவிட்டால் “நோ”, அவ்வளவுதான்.

இலக்கணத்தையும் இந்தக் கோணத்திலேயே பாருங்கள். புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டாம். தமிழ் எங்கே நம்மைப் பிடித்து இழுக்கிறதோ அந்த இடங்களை மட்டும் திருத்திக்கொண்டால் பெரும்பகுதி சரியாகிவிடும். “நேற்றே அனுப்பியிருக்கிறேன்” என்பது நல்ல தமிழ். அதை அப்படியே “ஐ ஹாவ் சென்ட் இட் யெஸ்டர்டே” என்றால் பிழை. நேற்று, திங்கட்கிழமை, காலை பத்து மணி என்று முடிந்துபோன நேரத்தைச் சொன்னால் “ஐ சென்ட் இட்” என்பதே சரி. “பற்றி” என்ற சொல்லின் பழக்கத்தால் “டிஸ்கஸ் அபவுட்” என்கிறோம்; “டிஸ்கஸ்” மட்டும் போதும். “வெள்ளிக்குள்” என்பது “பை ஃப்ரைடே”, “வெள்ளி வரை” என்பது “அன்டில் ஃப்ரைடே”. சரக்கு என்றைக்குள் கிளம்பும் என்று சொல்லும்போது இந்த இரண்டையும் மாற்றிச் சொன்னால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, யாரும் அதிகம் கவனிக்காதது. தமிழில் “நாம்” என்பதும் “நாங்கள்” என்பதும் வேறு வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே “வீ”தான். “வீ வில் பே த ஃப்ரைட்” என்று சொல்லும்போது உங்கள் மனத்தில் “நாம் பங்கிட்டுக்கொள்வோம்” என்று இருக்கலாம். கேட்பவர், கப்பல் கட்டணம் முழுவதையும் உங்கள் நிறுவனமே ஏற்கிறது என்று குறித்துக்கொள்வார். பணம் சம்பந்தப்பட்ட வாக்கியத்தில் “வீ” வந்தால் யார் யார் என்று பெயர் சொல்லிவிடுங்கள்.

உச்சரிப்புக்கு வருகிறேன். வெளிநாட்டுக்காரரைப் போலப் பேசக் கற்றுத் தரும் வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டாம் என்பது என் கருத்து. ஆனால் உங்கள் தொழிலில் அன்றாடம் புழங்கும் ஒரு நாற்பது சொற்களையாவது ஐயத்துக்கு இடமில்லாமல் ஒலிக்க வேண்டும். “பேக்” என்று தமிழில் எழுதினால் பொட்டலமா, பையா, முதுகா என்று எழுத்தை வைத்துச் சொல்ல முடியாது. நம் வாயிலும் அப்படியேதான் வந்துவிடுகிறது. ஒரு மெல்லிய காகிதத் துண்டை உதட்டுக்கு முன்னால் நான்கு விரல் தள்ளிப் பிடித்துக்கொண்டு பொட்டலத்தைக் குறிக்கும் சொல்லைச் சொல்லுங்கள்: முதல் ஒலியோடு காற்று வெடித்துக் காகிதம் ஆட வேண்டும். பையைக் குறிக்கும் சொல்லுக்குக் காகிதம் அசையக் கூடாது, உயிரொலியும் சற்று நீள வேண்டும். ரயில் டிக்கெட்டின் பின்பக்கத்தைக் கிழித்து இந்தப் பயிற்சியை எத்தனையோ மாணவர்களுக்குக் கொடுத்திருக்கிறேன்.

நம் மாவட்டத்தாருக்கு ஒரு வசதியும் உண்டு. ஆங்கிலத்தின் “டி” நம் “ட” போல நாக்கை மடித்து மேலே கொண்டுபோய்ச் சொல்லும் ஒலியன்று. நாக்கு நுனி மேல்பல் ஈறுக்குப் பின்னால் தொடும். மலையாளத்தில் “காற்று” என்று சொல்லும்போது நாக்கு தொடுகிற அதே இடம்தான். கல்குளம், விளவங்கோடு பக்கத்தில் அந்த மொழியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதைப் புதிதாகக் கற்பிக்கத் தேவையே இல்லை.

அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்பது அதைவிட முக்கியம். “சர்டிஃபிகேட்” என்பதில் இரண்டாம் அசை, “இன்வாய்ஸ்” என்பதில் முதல் அசை, “கன்டெய்னர்” என்பதில் இரண்டாவது. “ஃபிஃப்டீன்”, “ஃபிஃப்டி” இரண்டையும் பிரித்துக் காட்டுவதும் இந்த அழுத்தம்தான்: பதினைந்தில் கடைசி அசை ஓங்கும், ஐம்பதில் முதல் அசை. நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல்களில் முப்பதை எடுத்துத் தினமும் ஒன்றை உரக்கப் படித்து, செல்பேசியில் பதிவு செய்து கேளுங்கள். முதல் வாரம் உங்கள் குரல் உங்களுக்கே பிடிக்காது.

குழித்துறை ரயில்:

நான் பத்து ஆண்டுகளாகத் தினமும் திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்கு ரயிலில் போய்வருகிறவன். ஆசிரியை அம்மா சொன்ன இலக்கணத்தை ஏற்கிறேன். காகிதப் பயிற்சியில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. என்னுடன் பேசும் ஜெர்மானியரும் போலந்துக்காரரும் தங்கள் தங்கள் தாய்மொழி வாடையோடுதான் ஆங்கிலம் பேசுகிறார்கள். உங்கள் நெதர்லாந்து வாடிக்கையாளருக்கும் ஆங்கிலம் தாய்மொழி அல்ல, அண்ணா. அவருக்குப் புரியாத இடம் உங்கள் உச்சரிப்பைவிட நம் ஊர் அலுவலகத் தொடர்களாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

“டூ த நீட்ஃபுல்” (தேவையானதைச் செய்யுங்கள்) என்று எழுதினால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. “வரைவு பில் ஆஃப் லேடிங்கைப் பார்த்துச் சரி என்று சொல்லுங்கள்” என்று செய்ய வேண்டிய வேலையையே எழுதுங்கள். “ரிவர்ட்” என்றால் பதில் எழுதுவது என்று நாம் நினைக்கிறோம். வெளியே அதற்குப் பழைய நிலைக்குத் திரும்புவது என்றுதான் பொருள். “ஐ ஹாவ் எ டவுட்” என்றால் கேள்வி கேட்கிறீர்கள் என்று தோன்றாது, அவர் சொன்னதை நம்பவில்லை என்று தோன்றும். இப்படி ஒரு இருபது தொடர்களைத் தூக்கிப் போட்டாலே சொல்வளம் பாதி தேறிவிடும். செயலியில் தினம் பத்துப் புதுச் சொல் மனப்பாடம் செய்து நான் கண்ட பலன் எதுவும் இல்லை. வாக்கியத்துக்கு வாக்கியம் “சார்” போடுவதும் வேண்டாம். அந்த நாட்டில் மேலாளரையே முதல் பெயர் சொல்லி அழைப்பார்கள்.

பதில் தெரியாதபோது “யெஸ்” சொல்லித் தப்பிக்கத் தோன்றும். அதற்குப் பதிலாக, “லெட் மீ செக் அண்ட் கால் யூ பேக் பை ஃபோர் ஓ கிளாக்” என்ற ஒரே வாக்கியத்தை நாக்கில் ஏற்றிக்கொள்ளுங்கள். நம் நேரமா அவர்கள் நேரமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான்கு மணிக்குக் கட்டாயம் அழைக்கவும் வேண்டும்.

குளச்சல் மாலுமி:

சரக்குக் கப்பல்களில் தள அதிகாரியாக இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்துக் கரை சேர்ந்தவன். தம்பியின் “யெஸ்” கதையைப் படித்தபோது சிரிப்பு வரவில்லை. கடலில் அதே “யெஸ்” கப்பலைத் தரைதட்ட வைக்கும். பல நாட்டவர் ஒரே கப்பலில் வேலை செய்வதால், சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001 நவம்பரில் கடல்சார் தகவல் தொடர்புக்கான நிலையான தொடர்களை ஏற்றுக்கொண்டது. அதில் உள்ள ஒரு விதி உங்களுக்காகவே எழுதியது போல இருக்கும்: கேள்விக்கு விடை ஆம் என்றால் “யெஸ்” என்று சொல்லி, தொடர்ந்து முழுத் தொடரையும் சொல்ல வேண்டும், இல்லை என்றால் “நோ” என்று சொல்லி, அதையும் முழுத் தொடராகவே சொல்ல வேண்டும். “நோ, ஐ ஹாவ் நாட் ரிசீவ்ட் த ரிவைஸ்ட் ஆர்டர்” என்று நீங்கள் சொல்லியிருந்தால் அந்த எண்ணூறு கட்டிகளையும் அழுத்தியிருக்க மாட்டீர்கள். தவறிப்போய் “யெஸ், ஐ ஹாவ் நாட் ரிசீவ்ட்” என்று சொல்லியிருந்தாலும்கூட அவர் திரும்ப ஒரு முறை கேட்டிருப்பார்.

எண்களைத் தனித்தனி இலக்கமாகச் சொல்வதும் அங்கே வழக்கம். 150 என்பது “ஒன் ஃபைவ் ஸீரோ”. சுக்கான் கோணம் போன்ற சிலவற்றுக்குத்தான் விலக்கு. பதினைந்தா ஐம்பதா என்று ஆசிரியை குறிப்பிட்ட சிக்கலுக்கு, அழுத்தத்தை நம்பாமல், “ஃபிஃப்டீன், ஒன் ஃபைவ்” என்று இரண்டு விதமாகவும் சொல்லிவிடுங்கள். “மே”, “குட்”, “ஷுட்” போன்ற இரு பொருள் தரும் சொற்களையும் அந்தத் தொடர்களில் தவிர்ப்பார்கள். “வீ மே ஷிப் ஆன் மண்டே” என்றால் அனுப்ப அனுமதி உண்டு என்பதா, அனுப்பினாலும் அனுப்புவோம் என்பதா?

ஆங்கில எழுத்துக்களை ஏ-க்கு ஆல்ஃபா, பி-க்கு பிராவோ, சி-க்கு சார்லி என்று சொல்லும் வரிசையைக் கற்றுக்கொள்ளுங்கள். நம் மாவட்டம் தாய்த்தமிழகத்தோடு இணைந்த அதே 1956ஆம் ஆண்டில்தான் அது விமானப் போக்குவரத்தில் நடைமுறைக்கு வந்தது, கப்பலிலும் அதுவே. கன்டெய்னர் எண் என்பது நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும். அதில் “பி”யும் “டி”யும் “வி”யும் தொலைபேசியில் ஒன்றுபோலவே கேட்கும். தூத்துக்குடித் துறைமுகத்தில் நிற்கும் உங்கள் பெட்டியின் எண்ணை வாடிக்கையாளருக்கு ஒரு முறை இந்த வரிசையில் சொல்லிப் பாருங்கள்.

கடைசியாக, எதிர்முனையில் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள். மாலுமி சுக்கான் உத்தரவைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் சக்கரத்தைத் திருப்புவான். உங்களுக்கும் அந்த நான்கு நொடிதான் செலவு.

கோட்டாறுக்காரன்:

பதில் எழுதிய மூவருக்கும் நன்றி. உச்சரிப்பு வகுப்பில் சேரவில்லை. மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஆல்ஃபா வரிசையைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். காகிதத் துண்டையும் முயன்று பார்த்தேன். ஏழெட்டு முறைக்குப் பிறகுதான் ஆடியது, பார்த்துக்கொண்டிருந்த மகளுக்கு முதல் முறையே ஆடிவிட்டது.

நேற்று முதலாளி பக்கத்தில் அமர்ந்திருக்க, அதே வாடிக்கையாளரிடம் பேசினேன். அவர் உப்பின் அளவு 0.5க்குக் கீழே இருக்க வேண்டும் என்றும் 19ஆம் தேதிக்குள் சரக்கு கிளம்ப வேண்டும் என்றும் சொன்னார். “பிலோ ஸீரோ பாயின்ட் ஃபைவ், ஷிப்மென்ட் பை நைன்டீன், ஒன் நைன், ஆஃப் திஸ் மன்த்” என்று திருப்பிச் சொன்னேன். “கரெக்ட்” என்றவர், 650 கிராம் கட்டிகளை எந்த அட்டைப்பெட்டியில் அடுக்குவது என்றும் தாமாகவே விளக்கினார். வைத்த பிறகு முதலாளி, “சொன்னதையே திருப்பிச் சொன்னால் உனக்குப் புரியவில்லை என்று நினைக்க மாட்டாரா?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

குளச்சல் மாலுமி:

“ஜஸ்ட் டு கன்ஃபர்ம்” என்ற இரண்டு நொடித் தொடரை முன்னால் போட்டுத் திருப்பிச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு அது புரியாதவன் கேட்பது போல ஒலிக்காது, பொறுப்பானவன் குறித்துக்கொள்வது போல ஒலிக்கும். ஞாயிறு மாலை ஏழு மணிக்கு எனக்கு அழைப்பு விடுங்கள், தம்பி. நான் வாடிக்கையாளராக இருந்து, வேண்டுமென்றே எண்களை வேகமாகச் சொல்கிறேன், எதிர்மறைக் கேள்விகளாகவும் கேட்கிறேன். பழைய பேக்கிங் லிஸ்ட் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் பெயரையும் விலையையும் மறைத்துவிட்டு எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.