சி டிரைவை விரிவாக்க உதவி தேவை
அனைவருக்கும் வணக்கம். விண்டோஸ் 10 இயங்கும் எங்கள் வீட்டுக் கணினியில் 1 டி.பி. ஹார்ட் டிஸ்க் உள்ளது. அதில் 100 ஜி.பி. ஒதுக்கிய சி டிரைவில் இப்போது 3 ஜி.பி. மட்டுமே மீதமிருப்பதால், அதன் பட்டை சிவப்பாகிவிட்டது. விண்டோஸிலேயே உள்ள டிஸ்க் மேனேஜ்மென்ட் என்ற கருவி மூலம் டி டிரைவைச் சுருக்கி 80 ஜி.பி. இடத்தை விடுவித்தேன். ஆனால் அந்தக் காலியிடம் டி டிரைவுக்கு வலப்புறம் போய் அமைந்துவிட்டது. சி டிரைவின் வலப்பக்கத்தை ஒட்டியே இடம் இருக்க வேண்டும் என்பதால், டிரைவை விரிவாக்கும் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' என்ற தெரிவு மங்கலாகவே நிற்கிறது. டி டிரைவை அழித்தால் வழி பிறக்கும். எனினும் அப்பாவின் பழைய புகைப்படங்கள் அனைத்தும் அதில்தான் உள்ளன. அவற்றை வேறொரு ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்த பிறகு, டிரைவுகளின் அளவையும் இடத்தையும் மாற்றும் ஜிபார்ட்டட் என்ற மென்பொருளைக் கொண்டு டி டிரைவை வலப்புறம் நகர்த்தலாமா, பாதியில் மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்பதை, இதைச் செய்து பார்த்தவர்கள் விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.