மறு: கூலன்ட் – தமிழில் என்ன?

அன்புள்ள குழுவினருக்கு,

சனிக்கிழமை சமூக மன்றத்தில் உயர்நிலை மாணவர்களுக்குக் கணினிப் பட்டறை. நீரோடும் மேசைக்கணினி ஒன்றைத் திறந்து காட்டப்போகிறேன். திரையில் இரண்டு எண்கள், இரண்டும் டிகிரியில்: சிபியு (கணக்குப் போடும் மையச் சில்லு) 71, கூலன்ட் (அதன் சூட்டை வாங்கிக்கொண்டு ஓடும் நீர்) 38. முன்னது நொடிக்கு நொடி துள்ளும், பின்னது ஆமை. அதனால்தான் விசிறி வேகத்தைப் பின்னதை வைத்து அமைக்கிறோம். பயிற்சித்தாளில் அதற்கு ஒரு பெயர் வேண்டும். 'குளிரூட்டி' என்று போட்டேன். ஒத்திகையில் என் மகள் அண்ணாந்து ஏர்கானைப் பார்த்தாள். வெள்ளி இரவு அச்சு.

—

தம்பி, குளிர் தன்வினை, குளிர்வி பிறவினை. கொல் கொல்லியானது போல, உண் உண்ணியானது போல, இகர ஈறு வினைமுதலைச் சுட்டும். 'குளிர்வி'யில் இகரம் ஏற்கெனவே இருக்கிறது. வேறென்ன வேண்டும்? 'தண்மி'யும் அழகு. தண்ணென்ற நீர்தானே தண்ணீர்? வள்ளுவர் தீயையே தண்ணென்றார் (குறள் 1104).

—

ஐயா, மன்னிக்கவும். 'குளிர்வி' என்று பார்த்தால் பிள்ளைகள் ஏவல் என்று நினைத்து விசிறியை முடுக்குவார்கள். தண்ணீர் தண்ணென்றுதான் இருக்கவேண்டுமா? தினமும் 'சுடுதண்ணி' குடிக்கிறோமே! எங்கள் அப்பா லாரிப் பட்டறையில் 'கூலன்ட்' என்றுதான் சொன்னார். அவரும் தமிழர்தான்.

—

அக்கா கட்சி நான். ஆனால் பயிற்சித்தாளின் தலைப்பில் 'கண்காணிப்பு' வேண்டாமே. கண்காணிதான் கங்காணியானது, தோட்டக் கூலிகளை மேய்த்தவர். என் தாத்தா ஜொகூரில் ரப்பர் வெட்டியவர், அந்தச் சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பார்.

—

கங்காணிக்குத் தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன். என் சிக்கல் வேறு. இந்த நீர் எதையும் குளிர்விப்பதில்லை, சூட்டைச் சுமந்துபோய் ரேடியேட்டரில் இறக்குகிறது. ஏர்கான் போடாத அறை 31 டிகிரி என்றால் நீர் அதற்குக் கீழே இறங்காது. உள்ளே சூட்டை அளக்கும் தெர்மிஸ்டருக்கு இதெல்லாம் பொருட்டில்லை. சூடு ஏறினால் மின்தடை குறையும், அவ்வளவுதான். 'ஏந்துநீர்' எப்படி?

—

ஏந்துநீரா? கையேந்துவது போல இருக்கிறது.

—

சரி. தனிமடல்களில் வந்த வாக்குகளையும் சேர்த்து 'குளிர்நீர்' 4, 'கூலன்ட்' 2, 'குளிர்வி' 1. தாளில் கட்டம் சிறியது, 'குளிர்நீர் சூடு' என்று போட்டு அனுப்பிவிட்டேன்.

—

எனக்கு உடன்பாடில்லை. 38 டிகிரியில் என்ன குளிர்நீர்? அப்படியே போடுவதானாலும் 'குளிர்நீர்ச் சூடு'. தண்ணீர்ப் பந்தல் மறந்துவிட்டதா?